ஏரிப் பக்கத்துச் சுவர்

குடிபோக வந்த வீட்டில், அதை விற்ற அம்மாளே செத்துக் கிடந்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே லாரி. அதன் மேல் பீரோ, மெத்தை, கவிழ்த்துக் கட்டின தொட்டில். சுமை தூக்குகிறவர்கள் கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றின சுமையை இறக்காமல் காத்திருப்பது, தூக்குவதைவிடக் களைப்பாக்கும். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துப் போய் மிதித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் ஜீப்பை விட்டு இறங்கி நேராகக் கீழ் அறைக்குள் போனார். கூடவே பரபரப்பு. அந்தக் காவலருக்கு வேறு பேர் இருந்தது, ஆனால் அவர் செய்கிற காரியத்துக்கு இதுதான் பொருத்தம் என்று நிலையத்தில் எல்லோரும் முடிவு செய்து வெகுநாள் ஆகிவிட்டது.

மடக்குக் கட்டிலில் போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டு நூலகத்தம்மா படுத்திருந்தார். கல்லூரி நூலகத்தில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவர். படித்தவர்கள் படிக்காதவர்கள் எல்லோருக்கும் நூலகத்தம்மாதான். கண் மூடியிருந்தது. கன்னம் மட்டும் இப்போதுதான் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தவர் போலச் சிவந்திருந்தது. செத்த முகத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் ஒரு எட்டுப் பின்வாங்கினார். எத்தனையோ பிணம் பார்த்தவர்தான்.

"விஷப்புகை," என்றார் டாக்டர். "ஹீட்டர் புகை வெளிய போகாம உள்ளயே நின்னிருக்கு. தூக்கத்துலயே போயிட்டாங்க. விடியறதுக்கு ரொம்ப முன்னாடி."

கட்டிலுக்குக் கால்மாட்டில், ஏரிப் பக்கத்துச் சுவர் ஓரமாக, மண்ணெண்ணெய் ஹீட்டர் இருந்தது. அதன் முதுகிலிருந்து தகரக் குழாய் ஒன்று சுவருக்குள் போனது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். திரி கருகியிருந்தது. தொட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய். திருகு, அணைக்கும் பக்கம் திருப்பியிருந்தது.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம்," என்றார் தரகர் வாசலில் இருந்து. இந்த ஊரில் வீடு வாங்குகிறவர், விற்கிறவர் எல்லோரும் அவர் கையால்தான் சாவி வாங்கியாக வேண்டும். கல்லூரி வளர வளர வீட்டுக்குப் பஞ்சம், அவருக்கு யோகம். "நான்தான் கதவைத் திறந்தேன். வீடு வாங்கின தம்பி கூடவே வந்தாரு. பார்த்ததும் உங்களுக்குப் போன் போட்டேன். வேற எதையும் தொடல."

"சாவி?"

"அம்மாகிட்ட ஒண்ணு, தலையணைக்குக் கீழ இருக்கு பாருங்க. எங்கிட்ட ஒண்ணு. இன்னிக்குத்தான் இவங்களுக்குக் கொடுக்கறதா இருந்தது." சொல்லிவிட்டு, வாய்ப் பழக்கத்தில், "உங்களுக்கும் ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கேன் மேடம், காத்தோட்டமா," என்றார். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் பின்பக்கம் பரபரப்பின் குரல் கேட்டது.

"அம்மா, இங்க வாங்க. கொலைம்மா இது."

ஏரியைப் பார்த்த பின் வராந்தாவில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதற்கு மேலே, சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாய் வாயில் ஒரு துணி அடைத்திருந்தது. பரபரப்பு அதைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் நீல நூலில் தையல். குழந்தையைச் சுற்றி வைக்கிற அகலம்.

வீட்டை வாங்கினவள், கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிறைமாதக்காரி, வீட்டின் பக்கச் சந்து வழியாக அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள்.

"அது என்னோடது," என்றாள்.

துணி வந்த பெட்டி மேலாக அடுக்கியிருந்தது. ஒட்டின காகிதம் கிழிந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவளும் புருஷனும் கொண்டுவந்து வைத்த பெட்டி. பரபரப்புக்கு இது போதும். பக்கத்து வீட்டுக்காரரையும் கையோடு இழுத்து வந்துவிட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், முந்தின நாள் சண்டை நடந்தது என்று, இந்தப் பையன் கத்தினதைத் தன் காதால் கேட்டதாக.

"என்ன கத்தினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

புருஷன்காரன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவி அடுக்குகிறவன். ஒல்லியான கை.

"நீங்க செத்தாத்தான் இந்த வீடு கிடைக்குமான்னு கேட்டேன் மேடம்."

பரபரப்பு பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஏன் அப்படிக் கேட்டே?"

"இன்னும் ஒரு ராத்திரி இருந்துக்கட்டுமான்னு கேட்டாங்க. ஏரியை விட்டுப் போக மனசு வரலன்னாங்க. எங்க பழைய வீட்ட காலையில காலி பண்ணணும். லாரி சொல்லியாச்சு. இவளுக்கு நாள் நெருங்கிருச்சு. வாய்ல வந்தத கத்திட்டேன். இவதான், போனாப் போகுது, இருந்துட்டுப் போகட்டுமேன்னா. சரின்னு தரகரண்ணனுக்கும் போன்ல சொல்லிட்டு வந்துட்டோம்."

"சரின்னு போயிட்டு, மறுபடி வந்து குழாயை அடைச்சியாக்கும்," என்றார் பரபரப்பு. "உள்ள போக வேண்டாம், சாவிகூட வேண்டாம். நல்ல மூளைடா."

"சார், என் குழந்தைத் துணி சார் அது."

"கூட்டிட்டுப் போகவாம்மா?" பரபரப்பு இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்துவிட்டார்.

பெண்டாட்டிக்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் அழவில்லை. இவனைக் கூட்டிப்போனால் இன்று ராத்திரி எங்கே படுப்பது, நாளைக்கு வலி கண்டால் யாரைக் கூப்பிடுவது என்று அவள் முகமே கேட்டது.

"பொறு," என்றார் இன்ஸ்பெக்டர். "துணியக் குடு."

அவர் துணியை விரித்து வெயிலில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கைவிளக்கை வாங்கிக் குழாய்க்குள் அடித்துப் பார்த்தார். அதைவிட அதிக நேரம். ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனார். மாடி துடைத்து வைத்தது போல் இருந்தது. கட்டில், அலமாரி, புத்தகம் எல்லாம் முந்தின நாளே நூலகத்தம்மாவின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாம். படுக்க ஒரு பாய்கூட இல்லை.

கீழே இறங்கி மறுபடி அந்த அறைக்குள் வந்தார். ஏரிப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

இந்த ஊரில் வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது. தண்ணீர்க் கரை வீடு, ஏரிப் பக்கத்துச் சுவர் வியர்க்கும். கை ஈரமானால் அந்த வீடு வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்கள். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை சலித்துப் போய் இன்ஸ்பெக்டர் அம்மாளும் எத்தனையோ வீட்டுச் சுவரைத் தடவியவர்தான். பக்கத்துச் சுவர்களில் வைத்துப் பார்த்தார். கை பிசுபிசுத்தது. ஏரிப் பக்கத்துச் சுவர் மட்டும் காய்ந்த காகிதம் மாதிரி இருந்தது.

விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்றது.

வெளியே வந்து நிறைமாதக்காரி பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"காலைல என்ன நடந்ததுன்னு ஒண்ணு விடாம சொல்லும்மா. நீ உள்ள போனியா?"

"இல்லக்கா. முதல்ல நான்தான் உள்ள போகணும்னு ஆசையா வந்தேன். தரகரண்ணன்தான், நீ இங்கயே இரு தங்கச்சி, படி வழுக்கும்னு சொல்லி கேட்டுப் பக்கமா நாற்காலி போட்டாரு."

"கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

இன்ஸ்பெக்டர் தான் உட்கார்ந்திருந்த படியைத் தடவிப் பார்த்தார். காய்ந்து புழுதியாக இருந்தது. புருஷனைப் பார்த்துக் கேட்டார்.

"உள்ள போனதும் அவர் முதல்ல என்ன செஞ்சாரு?"

"நேராப் போய் ஜன்னலத் திறந்தாரு மேடம். எல்லா ஜன்னலையும். நான்தான் கட்டிலப் பார்த்துக் கத்தினேன். அதுக்கப்புறம்தான் அவரு திரும்பினாரு."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். லாரி ஆட்களிடம் கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

அதற்குள் நூலகத்தம்மாவை வெள்ளைத் துணி போர்த்தி முன் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கீழ் அறையில் எல்லோரும் நின்றார்கள். தரகர் கதவோரமாக ஒதுங்கப் பார்த்தார். பரபரப்பு அங்கே நின்றதால் முடியவில்லை.

"இந்தத் துணியப் பாரு," என்றார் இன்ஸ்பெக்டர் பரபரப்பிடம். "ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை இதுல முட்டியிருந்தா என்ன நிறத்துல இருக்கணும்?"

"கறுப்பா இருக்கணும்மா." சொல்லிவிட்டு பரபரப்பு துணியைப் புரட்டிப் பார்த்தார். வெளுத்து எடுத்த மாதிரி இருந்தது. "அப்போ செத்த பிறகு அடைச்சிருக்கான்."

"சரி, அதுக்கு முந்தி குழாய் திறந்துதானே கிடந்தது? அப்போ ஏன் செத்தாங்க?"

பரபரப்பு கைவிலங்கை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"குழாய்க்குள்ள விளக்கடிச்சுப் பார்த்தேன். துணி இருந்த இடத்துக்குப் பின்னாடி, குறுக்க சிலந்தி வலை. முழுசா, நூல் அறாம இருக்கு. ஒரு நிமிஷம் சூடு பட்டிருந்தாலும் அது நின்னிருக்காது. புகை அந்தக் குழாய்க்கு வந்து சேரவே இல்ல. ஹீட்டர்லேருந்து கிளம்பின புகை நடுவுல எங்கயோ நின்னிருக்கு."

அவர் ஏரிப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். "உடைங்க."

கடப்பாரை ஒரே இடியில் உள்ளே போயிற்று. செங்கல் இல்லை, பலகை. வெள்ளையடித்து, ஓரம் பூசி, சுவர் மாதிரியே செய்த பலகை. இழுத்ததும் மொத்தமாகக் கழன்று சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

பலகையின் முதுகு கரிப்பானையின் அடி போல இருந்தது. அதற்குப் பின்னால் உண்மையான சுவர், பூஞ்சை பிடித்துத் தண்ணீர் கசிந்து. பலகை வைப்பதற்காக ஹீட்டரை முன்னால் இழுத்திருந்தார்கள். இழுத்த தூரத்துக்குக் குழாயை நீட்டவில்லை. தகரக் குழாயின் முனை, வெளிக் குழாய்க்கு ஒரு சாண் முன்னாலேயே அந்தரத்தில் நின்றது. புகை அந்தச் சந்தில் நிறைந்து, பலகையின் விளிம்பு வழியாக அறைக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

"பலகை போட்ட பிறகு இந்த ஹீட்டரை யாரும் ஏத்தல," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தம்மா மாடிலதான் படுப்பாங்க. நேத்து மாடிக் கட்டில் போயிருச்சு. கடைசி ராத்திரிக்குக் கீழ படுத்தாங்க. குளிருக்கு ஏத்தினாங்க."

"அப்போ அணைச்சது யாரும்மா?" என்றார் பரபரப்பு. "அவங்களே அணைச்சிருக்கலாமே?"

"எழுந்து அணைக்கத் தெம்பு இருந்தவங்க, கைக்கெட்டற ஜன்னலத் திறக்காம போர்வைய இழுத்துவிட்டுப் படுப்பாங்களா? எண்ணெய் தீரல. தானா அணையல. விடிஞ்ச பிறகு ஒரு கை உள்ள வந்து அணைச்சிருக்கு. வெளிய நின்னு குழாயை அடைக்கச் சாவி வேண்டாம்னு சொன்னே, சரிதான். ஆனா திருகைத் திருப்பச் சாவி வேணும். இந்தப் புள்ளைங்ககிட்ட சாவி இல்ல."

எல்லோரும் தரகரைப் பார்த்தார்கள்.

"உள்ள புகை நிக்கும்னு தெரிஞ்சவருதான் வயித்துப் புள்ளைக்காரிய வெளிய உக்கார வெப்பாரு," என்றார் இன்ஸ்பெக்டர். "காய்ஞ்ச படி வழுக்கும்னு சொல்லி."

தரகர் சாவியைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"ஆசாரிகிட்ட குழாயை நீட்டச் சொன்னேன் மேடம். அன்னிக்கே வீடு பார்க்க ஆள் வந்துட்டாங்க. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன். மறந்தே போச்சு. இந்த ஊர்ல பலகை அடிக்காத தரகன் யாரு? ஈரத்தைத் தொட்டுப் பார்த்தா ஒருத்தனும் வாங்க மாட்டான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து தம்பி போன்ல சொன்னப்போ தோணல. மேல கட்டில் இல்லையேன்னு விடியக்காலைலதான் உறைச்சுது. ஓடி வந்தேன். திறந்தா... போயிட்டாங்க. அணைச்சேன். குழாய் அடைச்சிருந்தா பலகைய யாரும் பார்க்க மாட்டாங்கன்னு பின்னால வந்தேன், பெட்டி இருந்தது, கைக்கு வந்தத எடுத்து அடைச்சேன். அது என்ன துணின்னுகூடப் பார்க்கல."

"பார்த்திருந்தா வெச்சிருக்க மாட்டீங்களா?"

கேட்டது நிறைமாதக்காரி. எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. சாய்ந்து கிடந்த பலகையின் கரி முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் தோளைப் பிடிக்க வந்தான். அவள் விலக்கினாள்.

"அண்ணே, இந்த ரூம்தான் குழந்தைக்குன்னு வெச்சிருந்தோம். நீங்கதான் சொன்னீங்க, கதகதப்பா இருக்கும்னு. ஹீட்டர் இருக்கு பாருன்னு."

தரகர் ஹீட்டர் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவரை ஜெயில்ல போட்டிருந்தா நானும் குழந்தையும் மட்டும்தான் இங்க படுத்திருப்போம். ராத்திரி குளிரும். ஏத்தியிருப்பேன்."

"சரி பண்ணியிருப்பேன் தங்கச்சி. சத்தியமா சரி பண்ணியிருப்பேன்."

"எப்போண்ணே?"

ஒரு வீட்டைப் பத்து விதமாகப் பேசி விற்கிற மனிதர். உதடு இரண்டு தடவை அசைந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பதிலுக்காக நின்றார்கள், கடப்பாரை பிடித்திருந்த ஆள் உள்பட.

அவள் திரும்பி நூலகத்தம்மா இருந்த கூடத்துக்குப் போனாள். பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தரையில், அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.