மூன்றாம் வீட்டைத் தாண்டாத விருந்தாளிகள்

கல்துறை ஊருக்கு வந்த விருந்தாளி யாரும் ஒன்றும் சாப்பிடாமல் தெருவைக் கடந்ததாகச் சரித்திரமே கிடையாது. சஃபியாவுக்கு அதுதான் பெரிய தலைவலி!

பவானி ஆற்றங்கரையில் அந்தப் பழைய தெரு அப்படியே இருந்தது. ஓட்டு வீடுகள், தேக்குத் தூண்கள், தெரு முடிவில் கல் படித்துறை. கடைசி வீடு சஃபியாவுடையது. அதன் சுவரில் ஒரு கோடு உண்டு. முன்னொரு காலத்தில் வெள்ளம் ஏறி நின்ற உயரம் அது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு ஆசை.

போன வருஷம் கோயமுத்தூரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர் பார்க்க வந்தார்கள். முதல் வீட்டில் எண்ணெயில் சுட்ட இனிப்புக் கச்சாயம், இரண்டாம் வீட்டில் மோர், மூன்றாம் வீட்டில் காபி. அதற்குள் பொழுது சாய்ந்து பஸ் கிளம்பிவிட்டது. தலை சீவிக் காத்திருந்த சஃபியா அழுதேவிட்டாள்.

இன்று மறுபடியும் வருகிறார்கள்.

முதல் வீட்டுச் சின்னாத்தாள் அத்தையிடம் ஓடினாள்.

"அத்தை, இந்த வருசம் யாருக்கும் ஒண்ணும் குடுக்காதீங்க!"

"என்ன அம்மணி இப்படிச் சொல்லிப்போட்டே! வந்தவங்களை வெறும் வவுத்தோட அனுப்புனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அத்தையின் முகம் வாடிவிட்டது. சஃபியாவுக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ குடுங்க அத்தை. ஆனா இங்க வேண்டாங்க, படித்துறைக்குக் கொண்டாந்து குடுங்க. ஆத்துக் காத்துல இன்னும் ரெண்டு சேர்த்தி எறங்குமுங்க!"

"ரெண்டு சேர்த்தியா? அடி கெட்டிக்காரி! அப்ப இன்னும் மாவு கரைக்கோணுமே!"

சஃபியா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். மூன்றாம் வீட்டு ஜபருல்லா மாமா காபித் தூக்கோடு முதல் ஆளாகப் படித்துறைக்குக் கிளம்பிவிட்டார்.

பஸ் வந்தது. வழியில் யாரும் மறிக்கவில்லை. பிள்ளைகள் தூண்களைத் தடவிப் பார்த்தபடி, கச்சாய வாசனையைப் பிடித்துக்கொண்டு கடைசி வீடு வரை வந்து சேர்ந்தார்கள்.

சஃபியா சுவரருகே நின்றாள். கையை உயர்த்திக் கோட்டைக் காட்டினாள்.

"தண்ணி இது வரைக்கும் வந்துச்சுங்க. தெருவே எங்க வீட்டு மச்சுல ஏறிக்கிச்சு. சின்னாத்தா அத்தை ஊட்டு ஆளுங்க, எங்க ஆளுங்க, ஆடு, கோழி, எல்லாமே. வெள்ளம் வடியற வரைக்கும் அத்தனை பேருக்கும் ஒரே சட்டிச் சோறு!"

ஒரு நெட்டைப் பையன் கோட்டைத் தொட எம்பினான். எட்டவில்லை.

"அம்மாடியோவ்!"

கச்சாயம் தீர்ந்தது. வாத்தியாரின் கேமராவில் ஃபிலிமும் தீர்ந்தது.

"கிளம்பலாம், நேரமாச்சு" என்றார் வாத்தியார். ஒருவரும் அசையவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு!" என்றான் நெட்டையன்.

சஃபியா சொன்னாள். இந்தத் தடவை மச்சில் இரண்டு எருமைகளும் ஏறிக்கொண்டன.