கன்னிமாருக்கு வைத்த வளையல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்தமல்லியில் வேன் ஏறும்போது ரேவதிக்கு இருந்த ஒரே கவலை, மகள் அகல்யா வழியில் வாந்தி எடுத்துவிடக் கூடாதே என்பதுதான். அதற்காக ஓர் எலுமிச்சம்பழத்தையும் சில பாலித்தீன் பைகளையும் கைப்பையில் திணித்து வைத்திருந்தாள். கணவன் ரகுநாதனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ் விடுவதில்லை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று கையாட்டிவிட்டான்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்து பாரிவாக்கத்து ஃபிளாட்டில் குடியேறி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் பால்காரர், லிஃப்ட், சூப்பர் மார்க்கெட் தவிர அவளுக்கு ஊரில் ஒன்றும் தெரியாது. 'கோயிலும் கிராமமும்: ஒரு நாள் உலா' என்று குடியிருப்போர் வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்ததும் உடனே பேர் கொடுத்துவிட்டாள். ஆடி மாசம் வேறு. நாலு கோயில் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, பிள்ளை மரம் மட்டை பார்த்த மாதிரியும் ஆச்சு.

கூட்டிப்போனவர் ஹேமநாதன் என்ற வழிகாட்டி. மைக்கைக் கையில் கொடுத்தால் தூக்கத்தில்கூடப் பேசுவார் போலிருந்தது. கோபுரத்தைப் பற்றிப் பேசினார், குளத்தைப் பற்றிப் பேசினார், பேச ஒன்றும் இல்லாத இடத்தில் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசினார். டிரைவர் துலுக்கானம் மட்டும், "அண்ணாத்தே, கொஞ்சம் மூச்சு வுட்டுக்கோ" என்று அவ்வப்போது அடக்கிப் பார்த்தான்.

திருநின்றவூர் பெருமாள் கோயிலில் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று பேர். ஹேமநாதன் அதைச் சொன்னதும் அகல்யா அம்மாவின் சேலையை இழுத்தாள்.

"எம்மா, இந்தச் சாமி யாரைப் பெத்துச்சு?"

"எல்லாரையும்தாம்ட்டி."

"என்னையுமா? என்னை நீதானே பெத்தே?"

"ஆமா, ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கத்திப் பெத்தேன். போதுமா?" என்று சொல்லி ரேவதி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். ரொம்ப நாள் காத்திருந்து பிறந்த பிள்ளை. அதற்காகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள் என்று மாமியார் சொல்லிக் காட்டுவதுண்டு. ஆடினால் என்ன, அவள் பிள்ளை, அவள் தலை.

புளியோதரைப் பொட்டலங்கள் காலியான பிறகு வேன் வேப்பம்பட்டைத் தாண்டி உள்ளே போனது. பிளாட் போட்ட கற்கள், கம்பி வேலி, பாதி கட்டிய வீடுகள் எல்லாம் பின்தங்கி, ஓர் ஏரிக்கரையில் வண்டி நின்றது. "இயற்கை அழகு! எல்லாரும் போட்டோ எடுத்துக்கோங்க" என்றார் ஹேமநாதன்.

அழகுதான். தண்ணீர் நிறைய அல்லி. அக்கரையில் கொக்குகள். ஆனால் வெயில் அப்படிக் கொளுத்தியும் கரையில் மட்டும் ஈரச்சேற்று வாடையோடு ஒரு குளிர் இருந்தது. எல்லோரும் செல்ஃபி எடுக்க மேட்டுக்குப் போய்விட, அகல்யா பனைமரங்களுக்குக் கீழே ஓடினாள். ரேவதி பின்னாலேயே போனாள்.

மரத்தடியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த செங்கற்கள் வரிசையாக நட்டிருந்தன. கன்னிமார் சாமி. முன்னால் ஒரு வாழையிலை. அதில் மடிப்புக் கலையாத சின்னச் சிவப்புப் பாவாடை, சீப்பு, கண்ணாடி, கைநிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல்கள். சுற்றிலும் ஆள் இல்லை.

ஆடிப்பூரத்துக்குப் போன அம்மன் கோயிலில் குருக்கள் வளையலைத்தான் பிரசாதமாகக் கொடுத்தார். அந்த ஞாபகம்தான் ரேவதிக்கு. குருக்கள் இல்லாத சன்னதியில் திருநீற்றை நாமே எடுத்துப் பூசிக்கொள்வதில்லையா? கும்பிட்டுவிட்டு இரண்டு வளையலை எடுத்து அகல்யாவின் கையில் போட்டாள். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தின.

அக்கரைக் கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன. யாரோ பட்டாசு போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் ஜன்னலோரம் அகல்யாவுக்குத்தான். ஆனால் அவள் ஜன்னலை விட்டுவிட்டு அம்மாவின் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளி உக்காரேன்ட்டி. அங்க அவ்வளவு இடம் கிடக்கு, ஏன் இப்படி நெருக்குத?"

"அவளுக்கு இடம் வேணும்லா."

"எவளுக்கு?"

அகல்யா உதட்டில் விரலை வைத்தாள்.

பூந்தமல்லியில் இறங்கும்போது துலுக்கானம் சீட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். "இன்னா மேடம், பாப்பா சீட்ட நனைச்சிருச்சா? பரவால்ல வுடு, கொயந்ததானே."

ரேவதி மகளின் கவுனைத் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. ஜன்னலோரத்து சீட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக வழிந்தது ஏரித் தண்ணீர். அந்தச் சேற்று வாடையை மூக்கு மறக்கவில்லை. பாட்டில் கவிழ்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அகல்யாவிடம் இருந்த பாட்டில் நிறைந்தே இருந்தது.

மறுநாள் காலை வழக்கமான அமளி. குக்கர் ஒரு பக்கம், ஸ்கூல் பை ஒரு பக்கம். ரேவதி ஹாலில் பாயில் உட்கார்ந்து, மடிக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கண் டி.வி.யில் ஓடிய செய்தியில் இருந்தது. கைதான் பழக்கத்தில் வேலை செய்தது. ஒரு சடை முடிந்தது. அடுத்ததற்கு முடியைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது.

"குளிச்சிட்டுத் தலை துவட்டலையாட்டி? இப்படி ஈரமா இருக்கு?"

"நான் இன்னும் குளிக்கவே இல்லையே" என்று பதில் வந்தது.

முன்னாலிருந்து அல்ல. பின்னாலிருந்து.

ரேவதி திரும்பினாள். வாயில் பற்பசை நுரையோடு பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள் அகல்யா.

விரல்களுக்கு இடையில் முடி இன்னும் இருந்தது.

குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மடிக்கு முன்னாலிருந்த பாரம் மெல்ல எழுந்தது. விரல்களிலிருந்து முடி வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் குனிந்தாள். பாயில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. சீப்பில் அல்லிக்கொடி மாதிரி நீளமான ஒரு முடி.

"அவளுக்கு அம்மா வேணுமாம்" என்றாள் அகல்யா. "உன்னைப் பிடிச்சிருக்காம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு உடம்பு தூக்கிப்போட்டது. நெற்றி அடுப்பாகக் கொதித்தது. வளையல்களைக் கழற்ற சோப்பு போட்டுப் பார்த்தாள், எண்ணெய் போட்டுப் பார்த்தாள். அசையவில்லை. உடைக்கப் போனால் அகல்யா வீறிட்டு அலறினாள். ரகுநாதன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் பாயைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, கார் சாவியை எடுத்தான்.

ஏரிக்கரைக்குப் போனபோது கன்னிமார் கற்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயதானவள் என்று சொல்ல முடியாது, ஆனால் அழுது ஓய்ந்த முகம். பக்கத்தில் ஒரு குடம். காரை மேட்டில் நிறுத்தி ரகுநாதன் அங்கேயே இருக்க, ரேவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அந்தப் பெண்ணின் கண் நேரே அகல்யாவின் கைக்குத்தான் போனது.

"நீதான் எடுத்துகினு போனியா?"

"பிரசாதம்னு நெனச்சிட்டேன்மா. மன்னிச்சிருங்க."

"நான் இன்னா நெனச்சேன் தெர்யுமா? எம் பொண்ணே வந்து போட்டுகினான்னு நெனச்சேன்."

அவள் பேர் பொன்னியம்மா. அடுத்த ஊர். மகள் மோகனா அல்லி பறிக்க இறங்கி இந்த ஏரியில் போய்விட்டாள். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு ஆவணியில் கல்யாணம். அவர்கள் பக்கத்து வழக்கப்படி, வீட்டில் நல்ல காரியம் என்றால் தண்ணீரில் போன கன்னிப்பெண்ணை முதலில் வீட்டுக்கு அழைக்க வேண்டும். அவளுக்குப் பிடித்ததைக் கரையில் வைத்து, குடத்தில் நீர் மொண்டு, கூப்பிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். பின்னாலேயே வருவாள். வீட்டில் யார்மேலாவது இறங்கி, இரண்டு வார்த்தை பேசுவாள்.

"எத்தினி வாட்டி கூப்ட்டுட்டேன். எனுக்கு மட்டும் வரவே மாட்றா. என் மேல இன்னா கோவமோ." பொன்னியம்மா அகல்யாவுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "இப்போ உங்கிட்ட கீறா. நீ நல்லா இருக்கணும் தாயே, அவள எங்கிட்ட வுட்ருமா."

பிள்ளையைக் கேட்டு அழும் ஒருத்தி, பிள்ளையைக் காப்பாற்ற வந்த இன்னொருத்தி. ரேவதிக்கும் அழுகை வந்துவிட்டது. பொன்னியம்மா அகல்யாவின் கையைத் தொட்டதும் வளையல்கள் தாமாகவே நழுவி விழுந்தன. அவற்றைக் குடத்து நீரில் போட்டு வேப்பிலை செருகினாள். போவதற்கு முன் ரேவதியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். மகள் வீடு வந்து சேர்ந்ததும் சொல்வதாகச் சொன்னாள்.

"நான் இப்டிக்கா போறேன். நீ கொயந்தய கூட்டிகினு அப்டிக்கா போ. ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கக் கூடாது. யாரு கொரலு கேட்டாலும் சரி. பாத்தியோ, அவ மறுபடி உங்கூடவே வந்துருவா."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பொன்னியம்மா நடந்தாள். "வாம்மா. ஊட்டுக்குப் போலாம் வா. தம்பிக்குக் கண்ணாலம்." குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

ரேவதி மகளை இறக்கிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கரைமேட்டை நோக்கி நடந்தாள். நாலடி வைப்பதற்குள் பிடித்த கை குளிர்ந்துவிட்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சந்தோஷத்தில்.

"எம்மா."

பின்னாலிருந்து.

ரேவதி நிற்கவில்லை.

"எம்மா, எங்கம்மா போற? நான் இங்கன இருக்கேன்."

அப்படியே அகல்யாவின் குரல். என்ன சாமர்த்தியம் இந்தப் பேய்க்கு! ரேவதி கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கூட நடந்த பிள்ளை ஒன்றும் பேசாமல் சமர்த்தாக வந்தது.

"திரும்பிப் பாரும்மா. ஒரே ஒரு தடவை பாரும்மா."

பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்து வழி தெரியவில்லை. எந்தத் தாய்க்கும் இது வரக்கூடாது. அந்தக் குரல் விக்கி விக்கி அழுதது. பிறகு யாரோ இழுத்துப்போவதைப் போல, குடம் போன திசையில் விலகிப் போனது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் ரகுநாதன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "சுத்தமா விட்டிருச்சு ரேவதி" என்று சொல்லும்போது அவன் குரலும் உடைந்தது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை மூன்று தோசை கேட்டுச் சாப்பிட்டது. ரேவதி மகமாயிக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அன்றைக்கு இரவு அவர்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

மறுநாள் மதியம் போன் வந்தது. ரகுநாதன் ஆபீஸ் போயிருந்தான். பிள்ளை ரேவதியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தது.

"அம்மா, நான் பொன்னியம்மா பேசறேன். வந்துட்டாம்மா! எத்தினி வர்சம் கயிச்சு ஊட்டுக்கு வந்துட்டா. என் நாத்தனா மேல எறங்கிட்டா."

"ரொம்ப சந்தோஷம்மா."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ அழுகைச் சத்தம். பொன்னியம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எட்த்துக்காத தாயே. பேரு இன்னான்னு கேட்டா மோகனான்னு சொல்ல மாட்டேங்குது. அகல்யான்னு சொல்லுது. 'எங்கம்மாவைக் கூப்புட்டேன், திரும்பியே பாக்கல'ன்னு நேத்துலேர்ந்து அய்துகினே கீது. எங்கூர்ல ஆரும் அப்டி பேசமாட்டாங்கமா, உன்ன மாரிதான் பேசுது. உன் கொயந்த... நல்லாத்தானே கீது?"

ரேவதியின் இடுப்பைச் சுற்றியிருந்த குளிர்ந்த கை ஒன்று விலகி, மேலே வந்து, காதிலிருந்த போனை மெல்ல வாங்கி அணைத்தது.

"வுடும்மா" என்றது பிள்ளை, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "கொஞ்ச நாளு அய்வும். அப்பால தானா அடங்கிடும். நான் அடங்கல?"