கறுப்பனின் வித்து

தாய் எலி குட்டிகளை விட்டுவிட்டுக் கூண்டின் ஓரத்துக்கு வந்து, ஷாஸியாவையே பார்த்தபடி நின்றது. ஈன்று ஒரு நாள்கூட ஆகாத எலி அப்படி வராது. மணலி ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருஷமாக எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குத் தெரியாதா?

வெளியே பட்டப்பகல். எலிகளுக்காக இரவையும் பகலையும் மாற்றி வைத்திருந்த அந்த ஜன்னலில்லாத அறைக்குள்ளோ மங்கிய சிவப்பு வெளிச்சமும், ஈர மரத்தூள் நாற்றமும், காற்றுக்குழாய் வழியே கசிந்து வரும் கந்தக வாடையும், நூறு எலிகள் ஓயாமல் கொறிக்கும் சத்தமும்தான்.

"குட்டிங்க எத்தினிம்மா?" கதவுக்கு வெளியிலிருந்து டெக்னீஷியன் சவரிநாதன் கேட்டார்.

"எட்டுண்ணே. தோலுக்குள்ள கண்ணு கறுப்பாக் கீது."

"அப்ப கெலிச்சிட்டோம்! அப்பன் வெள்ளை, செவப்புக் கண்ணு; புள்ளைங்க கறுப்பன்து. அந்த வெள்ளையனுக்கு இன்னா பேஜாரு பாரு!" சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

வெள்ளை ஆண் எலியின் விதைப்பையில் இருந்த விந்து செல்களை மருந்தால் அழித்துவிட்டு, கறுப்பன் என்ற கறுப்பு எலியின் விந்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை ஊசியால் ஏற்றியிருந்தார்கள். அன்று கறுப்பனைப் பிடித்துக் கொடுத்தவள் இவள்தான். கையுறையைத் துளைத்து விரலைக் கடித்தது. சொன்னால், பிள்ளைக்காகச் சாப்பிட்டுவரும் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, பாவம், மறைத்துவிட்டாள். அந்த மாதமே நாள் தள்ளியது. இரண்டு கலைந்தபின் தங்கிய பிள்ளை. இப்போது ஐந்தாம் மாதம்.

மேசைமேல் பச்சை விளக்கு மின்னியது. எலிக்குட்டி தாயைக் கூப்பிடும் குரல் மனிதக் காதுக்குக் கேட்காது. அதைப் பிடித்துக் காட்டும் கருவி அது.

கூண்டின் மூடியைத் திறந்து குனிந்தாள். எட்டும் தூங்கின. எட்டு வாயும் மூடியிருந்தன.

மின்னியது.

கருவி கெட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, எலியே இல்லாத கைகழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மின்னியது.

கையைத் தூர நீட்டினாள். மங்கியது. வயிற்றருகே கொண்டுவந்தாள்.

அணையாமல் எரிந்தது.

உள்ளே பிள்ளை புரண்டது. "யா அல்லாஹ்..."

கதவடியில் சுரண்டல். மூடாமல் வந்த கூண்டு!

இடுக்கில் முதலில் இளஞ்சிவப்பு மூக்கு. பிறகு தலை. தாய் எலியின் வெள்ளை உடம்பு நசுங்கி உள்ளே வந்தது. அவசரமில்லை. கோபமில்லை. அவளுடைய கோட்டின் விளிம்பைப் பற்றி ஏறியது. முழங்கால். தொடை. வயிற்றின் மேட்டில் நின்று, விலகிப்போன குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கும் தாயைப்போல, மெல்ல வாயைத் திறந்தது.