இறந்தவள் எறிந்த பலகை

வாசற்படியைத் தாண்டும் முன்பே ஹெயில்வென் அம்மையார் கேட்டார்: "மிஸ்டர் பென்ரி, செத்துப்போன பொண்ணு மூணு மாசம் கழிச்சுப் பள்ளிக்கூடம் வருமா?"

இத்வல் பென்ரி பதறவில்லை. முப்பது ஆண்டுகள் காவல்துறையில் பணியாற்றி, உயிரோடிருந்தவர்களைத் தேடியவர். ஓய்வுபெற்ற பின் பழைய ஏடுகளில் இறந்தவர்களைத் தேடிக்கொண்டிருப்பவர். "வராது. உள்ள வாங்க, டீ ஆறுது" என்றார்.

பதறியவர் அவருடைய நண்பர் கெத்தின். பேருந்து ஓட்டி ஓய்ந்த அந்த மனிதர் அப்போதுதான் தம் மனக்குறையைக் கொட்டிக்கொண்டிருந்தார். பழைய மாவாலைக் கட்டடத்தை வாங்கிக் குடியேறிய நாள்முதல் ஊரார் அவரை 'மாவாலை கெத்தின்' என்றே அழைத்தார்கள். "ஒரு பிடி கோதுமை அரைச்சிருப்பேனாய்யா நான்?" என்ற கேள்வி பாதியில் நின்றது.

இடக்கையால் தேநீரைக் கலக்கியபடி அம்மையார் தம் வழக்கைச் சொன்னார்.

அந்த ஊர்ப் பள்ளியில் முன்பு ஒரு பலகை இருந்தது. உள்ளங்கை அகலம்தான், ஓர் இனத்தின் நாவையே கட்டிப்போடும் கனம்! அங்கே ஆங்கிலம் மட்டுமே பேசலாம்; தாய்மொழியான வெல்ஷில் ஒரு சொல் பேசிய குழந்தையின் கழுத்தில் அதைத் தொங்கவிடுவார்கள். அடுத்துப் பேசும் குழந்தையின் கழுத்துக்கு அது மாறும். மாலை மணி அடிக்கும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ, அந்தப் பிள்ளையின் மீது பிரம்பு இறங்கும். திருடியதற்கா? பொய் சொன்னதற்கா? பெற்றவள் பேசிய மொழியைப் பேசியதற்கு! 1871-இல் ஹவோட் பண்ணையைச் சேர்ந்த ஷோனெட் என்ற பத்து வயதுச் சிறுமி அந்தப் பலகையைக் கழற்றி ஆற்றில் எறிந்தாள். அவள் ஹெயில்வெனின் கொள்ளுப்பாட்டி. வரும் சனிக்கிழமை பள்ளிச் சுவரில் அவள் பெயர் பொறித்த கல்லைப் பதிப்பதாக ஏற்பாடு.

"இப்ப நெஸ்டா டீச்சர் கல்லு வேலையை நிறுத்திட்டாங்க. பழைய தலைமையாசிரியர் எழுதின நாட்குறிப்பு கிடைச்சிருக்கு. அதுல மார்ச்சு மாசமே ஷோனெட் செத்துட்டாளாம். செத்தவளுக்கு நான் எப்படிக் கொள்ளுப்பேத்தி? அப்ப நான் யாரு, மிஸ்டர் பென்ரி?"

"அவங்க கல்லறை?"

"மலைக்கு அந்தப்பக்கம், அவங்க புருஷனோட. இங்க நம்ம கிறிஸ்தவ சபையோட கல்லறைத் தோட்டத்துல சின்னதா ஒரு கல்லு கிடக்கு. 'ஷோனெட், ஹவோட்', அவ்வளவுதான். வருஷம் கிடையாது. கல்லறைக்கெல்லாம் பூ வைக்கிற மலர் ஞாயிறு வந்தா, வருஷம் தவறாம கொள்ளுப்பாட்டியே வந்து அதுக்கும் பூ வைப்பாங்களாம். யாருன்னு கேட்டா, 'நம்ம ஷோனெட்'டுன்னு மட்டும் சொல்வாங்களாம். அவங்களுக்கு அப்புறம் பாட்டி, அம்மா, இப்ப நான்."

கெத்தினின் தலை சுற்றியது. தன் கல்லறைக்குத் தானே பூ வைத்தவளா?

மறுநாள் காலை மூவரும் பள்ளிக்குச் சென்றார்கள். தலைமையாசிரியை நெஸ்டா நாட்குறிப்பை மேசைமீது விரித்துவைத்தார்.

"சேர்க்கைப் பதிவேட்டை ஈரம் தின்னுடுச்சு. மிச்சம் இது ஒண்ணுதான். ஜோன்ஸ்னு கூப்பிட்டாப் பாதிப் பள்ளிக்கூடம் எந்திரிச்சு நிக்கும்; அதனால மனுஷன் எல்லாரையும் பண்ணைப் பேரை வச்சுத்தான் எழுதியிருக்காரு. படிங்க."

கெத்தின் உரக்கப் படித்தார். பிப்ரவரி 9: மூன்றாம் வகுப்பு ஹவோட் ஷோனெட்டுக்குத் தையலில் முதற்பரிசு. மார்ச் 20: மாலை மணியின்போது பலகை ஹவோட் ஷோனெட்டின் கழுத்தில், ஆறு அடி. மார்ச் 24: ஹவோட் ஷோனெட் காய்ச்சலால் மரணம். மே 15: சாலையெங்கும் வண்டிகள், பதினோரு பிள்ளைகள் வரவில்லை. மே 22: ஏழு பேர் புதிதாகச் சேர்ந்தனர். ஜூன் 6: மூன்றாம் வகுப்பு ஹவோட் ஷோனெட் ஊசி பிடித்தே அறியாதவள், இடக்கையால் எழுதுவதைக் கண்டித்தேன். ஜூன் 23: ஹவோட் ஷோனெட் பலகையை ஆற்றில் எறிந்தாள்.

"ஆவி!" என்றார் கெத்தின்.

"ஆவியை யாராவது கையை மாத்தி எழுதச் சொல்வாங்களா?" என்றார் நெஸ்டா.

"அப்ப வாத்தியார் குடிச்சிருப்பாரு."

"எழுத்து ஆடவே இல்லையே."

"தங்கச்சிக்குச் செத்த அக்கா பேரையே வச்சிருப்பாங்க!"

"அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே வகுப்பா? அக்கா சாகுற வரைக்கும் தங்கச்சிக்குப் பேரே இல்லையா?" என்று இத்வல் கேட்டார். கெத்தினின் மூன்றாம் கோட்டையும் சரிந்தது. எந்த வரியைப் பிடித்தாலும் அது அடுத்த வரியை மறுத்தது. இத்வலோ தொப்பியை எடுத்துக்கொண்டு, "சபை அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அதே வகுப்பறையில் நால்வரும் கூடினர்.

"கெத்தின், உன் வீட்டுல முன்னாடி குடியிருந்தவரை ஊர்ல எப்படிக் கூப்பிட்டாங்க?" என்று தொடங்கினார் இத்வல்.

"மாவாலை ஹூவ்னு. ஏன்?"

"அவரும் மாவு அரைக்கலை, நீயும் அரைக்கலை. வீட்டுக்குள்ள வந்தவன் தலையில வீட்டோட பேரு ஏறிக்குது. இது நம்ம ஊர்ப் பழக்கம். தினமும் இதைச் சொல்லிப் புலம்புறது நீதான். ஏட்டுல பார்த்ததும் மறந்துபோனதும் நீதான்."

"ஐயோ!" என்றார் கெத்தின், நெற்றியில் அறைந்துகொண்டு.

"மே பதிமூணு என்ன நாள், டீச்சர்?"

நெஸ்டாவின் முகம் மாறியது. "குத்தகை மாறுற நாள். பண்ணைக்காரங்க வீடு மாறுவாங்க, ரெண்டு மூணு நாளு நடக்கும்... பதினஞ்சாம் தேதி எழுதின அந்த வண்டிங்க!"

"மகளைப் பறிகொடுத்தவங்க அன்னைக்கு ஹவோட்டைக் காலி பண்ணாங்க. வேற குடும்பம் வந்துச்சு. அவங்க மகளும் ஷோனெட்; இந்த நாட்டுல அந்தப் பேருக்கா பஞ்சம்? ஹவோட்டுல கால் வச்சதும் அவளும் ஹவோட் ஷோனெட் ஆயிட்டா. தையலுக்குப் பரிசு வாங்கினவளும் ஊசியே பிடிக்காதவளும் ஒருத்தியா இருக்க முடியாது. ரெண்டாவது ஷோனெட் இடக்கைக்காரி." அவர் பார்வை ஹெயில்வெனின் இடக்கையில் நின்றது. "அது ஒரு குறிப்புதான். சாட்சி இதோ."

வீடு மாறுகிறவர்கள் பழைய சபையிடம் கடிதம் வாங்கிவந்து புதிய சபையில் கொடுப்பது அம்மக்களின் வழக்கம். சபை அலமாரியிலிருந்து எடுத்துவந்த மஞ்சளேறிய தாளை இத்வல் படித்தார்: எங்கள் சபையைச் சேர்ந்த ஈவானும் லொவ்ரியும், மகள் ஷோனெட்டுடன், ஹவோட்டுக்குக் குடிபெயர்கின்றனர், அன்புடன் ஏற்றுக்கொள்க. தேதி, மே 12, 1871.

"ஈவான், லொவ்ரி. எங்க வீட்டு பைபிள்ல முதல்ல இருக்கிற பேருங்க" என்றார் ஹெயில்வென். "அப்ப முன்னாடி இருந்தவங்க?"

"ஊரை விட்டே போயிட்டாங்க. லிவர்பூல் சபைக்குக் கடிதம் வாங்கினதோட சரி. அந்தக் கல்லறையைப் பார்த்துக்க இங்க ஒருத்தரும் மிஞ்சலை."

அப்போதுதான் கெத்தினுக்கும் உறைத்தது. முன்பின் பார்த்திராத சிறுமியின் வீட்டில் குடியேறி, அவள் பெயரில் அழைக்கப்பட்டு, அவள் கழுத்தில் தொங்கிய அதே பலகையைத் தன் கழுத்திலும் சுமந்தாள் ஒருத்தி. ஆறு அடி வாங்கி நான்காம் நாள் மாண்டவளின் கதையை யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சுமந்தது போதும் என்று ஆற்றில் எறிந்தாள். பிறகு, ஆளில்லாத கல்லறைக்கு ஆயுள் முழுதும் பூ வைத்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்க, ஹெயில்வென்" என்றார் நெஸ்டா. "நாளைக்கே கல்லைப் பதிச்சுடலாம். கீழே இடம் கொஞ்சம் காலியா இருக்கு, வேற ஏதாவது சேர்க்கணுமா?"

ஹெயில்வென் சாக்கட்டியை இடக்கையால் எடுத்தார். கரும்பலகையில் வெல்ஷ் மொழியில் 'ஷோனெட், ஹவோட்' என்று எழுதினார். அதன் கீழே மறுபடியும் அதையே எழுதினார்.

"இப்படியே, ரெண்டு தடவை செதுக்கச் சொல்லுங்க."