தலைகீழாய் ஒரு பழக்கூடை

முப்பத்தாறாம் வருஷம், ஆனிச் சாரல் பிடித்துக்கொண்ட நாளில்தான் மங்களேஸ்வரி குற்றாலத்து வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வாழ வந்தாள். ஆய்க்குடியிலிருந்து வந்த வில்வண்டியிலிருந்து நனைந்த சீர்ப்பெட்டியை இறக்கி முடிப்பதற்குள் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. வர்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் வாசனை. மேற்கு அறையிலிருந்து வந்தது.

அது செண்பகவல்லி படம் வரைந்த அறை. வக்கீல் அய்யாத்துரையின் மூத்த தாரம்; செத்து மூன்று வருஷம் ஆகிறது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவள், தன் முகம் தெரிய ஒரு படம்கூட விட்டுப்போகவில்லை. விட்டுப்போனது, சுவரில் மாட்டியிருந்த, பாதியில் நின்ற ஒரு எண்ணெய் வர்ணப் படமும், அவள் பார்த்து வரைந்த அச்சுப்படமும்தான். அச்சுப்படத்தின் அசல், எந்தக் காலத்து இத்தாலிய ஓவியரோ தீட்டியது. நேராக வைத்தால் பழங்களாலேயே ஆன ஒரு கிழவன் முகம். தலைகீழாகத் திருப்பினால் வெறும் பழக்கூடை.

அய்யாத்துரை தென்காசிக் கோர்ட்டிலிருந்து வந்ததும் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த அறைக்குள்தான் போவார். இவள் போட்ட காப்பி வெளியே ஆறும். உயிரோடு இருக்கிற சக்களத்தியோடாவது மல்லுக்கு நிற்கலாம். செத்தவளோடு எங்கே போய் நிற்பது? மங்களேஸ்வரிக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "இதே படத்தை நான் முழுசா வரைஞ்சுட்டா, அவுகளோடதை இறக்கிருவியளா?"

அவர் அன்றுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா வந்தா இறக்குதேன். அந்த எடத்துல உன்னுதை மாட்டுதேன்."

பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் பழகிய வலக்கைதான். ஆனால் எண்ணெய் வர்ணம் பிடிகொடுக்கவில்லை. கிழவனின் மூக்கு பேரிக்காயாகவும் வரவில்லை, மூக்காகவும் வரவில்லை. கூட்ட வந்த வேலைக்காரி உலகம்மை விளக்குமாறோடு நின்று பார்த்தாள்.

"மூத்தவுக தலைகீழா வச்சுத்தான் வரைவாக தாயி. மூஞ்சின்னு நெனச்சா கை பயந்துரும், பழம்னு நெனச்சா பயப்படாதும்பாக. இடக்கைதான் அவுகளுக்கு. அது ஓடுத ஓட்டத்தைப் பாக்கணுமே!"

அந்தப் புராணம் மங்களேஸ்வரிக்கு வேப்பங்காயாகக் கசந்தது. ஆனாலும் மத்தியானமே அச்சுப்படத்தையும் தான் வரைந்துகொண்டிருந்த கித்தானையும் தலைகீழாக வைத்தாள். செண்பகவல்லியின் தூரிகையையே எடுத்தாள். அவள் வித்தையாலேயே அவளை இந்த வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டும்.

கை ஓடியது.

பேரிக்காய், அத்தி, மாதுளை என்று பழங்கள் தாமாக வந்து உட்கார்ந்தன. ஓட்டில் சாரல் விழும் சத்தம் எப்போது நின்றது, எப்போது மறுபடி பிடித்தது என்றே தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம், விட்டுப்போனதைவிட ஒரு பழம் கூடுதலாக இருந்தது.

நான்தான் வரைந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். வேறு யார் வரைய?

பின்னால் யாரோ மூச்சுவிட்டார்கள்.

திரும்பினாள். சுவரில் அந்தப் பாதிப் படம் மட்டும். அதிலிருந்த மாதுளை ஈரமாக மின்னியது. தொட்டுப் பார்த்தாள்.

விரலில் சிவப்பு ஒட்டியது.

மூன்று வருஷத்து வர்ணம். சாரலுக்குக் காயவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஜெயிக்கப்போகிற நேரத்தில் ஓட அவள் பொறாமை விடவில்லை.

கடைசிப் பழம் முடிந்த சாயங்காலம் அய்யாத்துரை உள்ளே வந்தார். தூரிகையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், ஒரு கையாலேயே கித்தானை நேராகத் திருப்பி வைத்தாள்.

கிழவன் இல்லை.

பழங்கள் அதே பழங்கள்தான். ஆனால் அவை சேர்ந்து நின்றது ஒரு இளம்பெண்ணின் முகமாக. புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு. மங்களேஸ்வரி எங்கேயும் பார்த்திராத முகம்.

"செண்பகம்..." அய்யாத்துரை கித்தானுக்கு முன்னால் குனிந்தார். "நீ அவளைக் கண்டதே இல்லையே. அந்தத் தழும்புகூட..."

"நான் பழந்தாங்க வரைஞ்சேன்," என்று முனகினாள். "வெறும் பழந்தான்."

அவர் காதில் விழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாதிப் படத்தை இறக்கிவிட்டு, அதே ஆணியில் புதுப்படத்தை மாட்டினார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவள் காணாத ஆசையோடு கிட்டே வந்து, தூரிகை பிடித்திருந்த அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

இதற்காகத்தானே இத்தனை பாடும். மங்களேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

இடது கை.

அவள் இழுத்தாள். வரவில்லை. அந்த விரல்கள் தூரிகையை நழுவவிட்டு, அவர் விரல்களோடு மெதுவாகக் கோத்துக்கொண்டன.