வெள்ளை தின்னி

இலைச்சாறு அடித்த மூன்றாவது நாள் காலையிலேயே வெள்ளரி இலைகளில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லாமல் போனது ராயம்மாளுக்குச் சரியாகப் படவில்லை.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே, பாறைக் குன்றை ஒட்டிய அரை ஏக்கரில் அவளும் கணவன் சவரியும் பிளாஸ்டிக் கூரையோடு பாலிஹவுஸ் போட்டு நான்கு வருடம் ஆகிறது. வருடா வருடம் பனி இறங்கியதும் சாம்பல் நோய் வந்துவிடும். முதலில் அடி இலையில் யாரோ பவுடரைச் சிந்தியதுபோல ஒரு வட்டம், பிறகு பத்து வட்டம், பிறகு வரிசை முழுக்க மாவு தூவியதுபோல வெளுத்து, இலை சுருண்டு, பிஞ்சு வெம்பிக் கொடியே நின்றுபோகும். கந்தகம் அடித்தார்கள். கடையில் கொடுத்ததையெல்லாம் அடித்தார்கள். ஒன்றுக்கும் அது அசையவில்லை.

இந்த வருடம் சவரி வேறொன்று செய்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் மாதையனின் பாலிஹவுஸ் ஆள் இல்லாமல் கிடந்தது. அங்கே சாம்பல் நோய் தானாகவே செத்திருந்தது. வெள்ளைப் படலத்தின் மேல் கடுகைவிடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள். அந்த இலைகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தான். மகள் ஜெனிஷா அவற்றை டிரம் தண்ணீரில் போட்டு வெறுங்கையால் கசக்கி, துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். வெயில் சாய்ந்து ஈரம் இறங்கும் நேரத்தில் சவரி அதை வரிசை வரிசையாக அடித்தான். ஈரச்சாக்கும் காளானும் கலந்த ஒரு வாடை, அதற்கு அடியில் பழைய நெற்குதிரைத் திறந்ததுபோல மக்கிய ஓர் இனிப்பு, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வெளியேறாமல் தங்கிவிட்டது.

ராயம்மாள் தோட்டக்கலை ஆபீசில் இருக்கும் ஐஸ்வர்யாவுக்குப் போன் செய்தாள்.

"அது பூஞ்சாணத்தத் திங்கிற பூஞ்சாணம்மா," என்றாள் ஐஸ்வர்யா. "சாம்பல் நோயோட நூலுக்குள்ளயே பூந்து வளரும். செடிய ஒண்ணும் பண்ணாது. ஆனா மெதுவாத்தான் வேலை செய்யும். ரெண்டு மூணு வாரமாவது ஆவும்."

"மூணே நாளுங்க மேடம். சுத்தமாப் போயிடுச்சு."

"அப்படி ஆகாதே. ரெண்டு இலைய கவர்ல போட்டு வைங்க, நான் வந்து பாக்குறேன்."

"திங்கிறதுக்கு வெள்ளை இல்லாமப் போச்சுன்னா அது என்னங்க பண்ணும்?"

"அடங்கிக் கெடக்கும்மா. அவ்ளோதான்."

ஜெனிஷாவுக்கு இருபத்திரண்டு வயது. பதினொரு வயதில் உதட்டோரம் வெண்புள்ளி விழுந்தது. இப்போது இரண்டு இமைகளிலும், வாயைச் சுற்றியும், பத்து விரல்களிலும் நிறம் இல்லை. பாலக்கோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவள், கையில் காகிதம் வாங்க வாடிக்கையாளர்கள் தயங்குவதைப் பார்த்து நின்றுவிட்டாள். நான்கு முறை பெண் பார்க்க வந்தவர்கள் டீயைத் தொடாமல் எழுந்து போனார்கள். அது ஒட்டும் வியாதி இல்லை என்று ராயம்மாள் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் மகள் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பாள், தேய்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

இலை கசக்கிய ஐந்தாம் நாள் ஜெனிஷா கட்டைவிரலை நீட்டினாள். வெள்ளைக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமை அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. விரல் முழுவதும் நல்ல மாநிறம்.

"அம்மா, இது என் கலரும்மா."

ராயம்மாள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், டிரம்மின் அடியில் தேங்கியிருந்த கசட்டைத் துணியோடு வழித்தெடுத்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. சவரியிடமும் சொல்லவில்லை. "கண்ண மூடிக்கடி" என்று சொல்லி, மகளின் இமைகளிலும் வாயைச் சுற்றியும் தன் கையாலேயே பூசினாள். மாதாவே, மாதாவே என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ஒன்பது நாள். முகத்தில் வெள்ளை இல்லை. மாதா கோயில் பூசைக்குப் போனபோது பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிஷா முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பாடினாள். அவள் வாய்விட்டுப் பாடி ராயம்மாள் கேட்டதேயில்லை. முழங்காலில் நின்றபடி தாய்க்காரி அழுதாள். அந்த ஒரு வாரம் வீட்டில் சிரிப்புச் சத்தம் இருந்தது.

பிறகு சின்னச் சின்னதாகத் தொடங்கியது. காலையில் ஜெனிஷா வைத்துக்கொண்ட மல்லிகை பத்து மணிக்குள் துருப்பிடித்த நிறமாகும். அவள் படுக்கும் பக்கத்தில் சுண்ணாம்புச் சுவரில், அவள் தலை உயரத்திற்கு, புள்ளிகள். துடைத்தால் போகவில்லை, சுரண்டினால் சுவர் பொலபொலவென்று உள்ளே தள்ளிக்கொண்டு போனது. அவள் கைபட்ட சோற்றுப் பானையில் மேல்சோறு பழுப்பேறியிருந்தது. அதே வாடை. மக்கிய இனிப்பு.

ஒரு காலை வாசல் வெளிச்சத்தில் மகளுக்குத் தலை பின்னும்போது ராயம்மாளின் கை நின்றது.

"பாப்பா, மேல பாரு."

"என்னாம்மா?"

"சும்மா பாருடி."

இடது கண்ணில், கருவிழிக்குப் பக்கத்தில், வெள்ளையில், ஒரு புள்ளி.

தருமபுரியில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று நேராகவே சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். திங்கட்கிழமை சேலம் போகலாம் என்றான் சவரி. அன்று வியாழன். வெள்ளிக்கிழமை காலை இரண்டு கண்களிலும் வெள்ளை இல்லை. இமைக்குள் முழுக்க ஈரப் பழுப்பு, அதற்கு நடுவே கருவிழி. ஆனால் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் ஜெனிஷா. வலியும் இல்லையாம். சிரித்தாள். பற்களின் ஓரத்தில் புள்ளிகள்.

சவரி லோடோடு பாலக்கோட்டுக்குப் போயிருந்தான். ராயம்மாள் மகளைப் படுக்கச் சொல்லிவிட்டு ஏரிக்கரை வழியாக மாதையன் வீட்டுக்கு நடந்தாள்.

உச்சி வெயிலிலும் கதவு சாத்தியிருந்தது. ரொம்ப நேரம் தட்டிய பிறகு மாதையனின் மனைவி குள்ளம்மாள் திறந்தாள். உள்ளே சுவரெல்லாம் செம்மண் பூசியிருந்தது. பாத்திரங்கள் கரி படிந்தவை. கூரை ஓட்டில் இருந்த கண்ணாடியைச் சாணியால் அடைத்திருந்தார்கள். அந்த வீட்டில் வெள்ளையாக ஒரு நூல்கூட இல்லை என்பது ராயம்மாளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"அவரு ஓசூருக்குப் போயிட்டாருன்னு ஊர்ல சொன்னாங்க."

"நாந்தாங்க அப்படிச் சொன்னேன்," என்றாள் குள்ளம்மாள். "உங்க வூட்டுக்காரரு எல பறிச்சிட்டுப் போனத நான் பாக்கலீங்க. பாத்திருந்தா வுட்டிருக்க மாட்டேன்."

மூலையில் கட்டில். அதன்மேல் கறுப்புக் கம்பளி. கம்பளிக்கு அடியில் ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. அவ்வளவு தட்டையாக இருந்தது. ஆனால் அதற்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. ஈரமான, நிதானமான மூச்சு.

"எம் பொண்ணுக்குக் கண்ணுல ஏறிடுச்சுங்க." ராயம்மாள் தன் பல்லைத் தொட்டுக் காட்டினாள். "பல்லுலயும்."

"மொதல்ல தோலு. அப்பறம் கண்ணு, பல்லு. அதுக்கப்பறம் உள்ள போயிடுமுங்க."

"உள்ள என்னாங்க வெள்ளை இருக்குது?"

குள்ளம்மாள் அவளைப் பார்த்தாள். கம்பளியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

ஒரு கை. நல்ல தோல், நல்ல நகம், ஐந்து விரல். கழற்றிப் போட்ட கையுறைபோலக் கட்டில் கயிறுகளுக்கு நடுவே இறங்கிக் கிடந்தது. ஒவ்வொரு கயிற்றின் தடத்திலும் மடிந்து.

"ஆஸ்பத்திரியில..."

"ரெண்டு எடம் பாத்தாச்சுங்க."

"நிக்கவே நிக்காதா?"

"தீந்தா நின்னுரும்," என்றாள் குள்ளம்மாள். கம்பளியை இழுத்துவிட்டு, கேழ்வரகுக் கூழையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ராயம்மாள் ஓடினாள். ஏரிக்கரை. முள்வேலி. பாறை. செருப்பு எங்கோ கழன்றது. மகளின் இமையில் தேய்த்த இரண்டு விரல்களையும் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

வீட்டில் பாய் காலி.

"ஜெனி!"

வாசல் மண்ணில் காலடிகள். பிறகு காலடி இல்லை. உடம்பை இழுத்துக்கொண்டு போன தடம் மட்டும். அது பாலிஹவுஸ் கதவு வரை போனது.

உள்ளே வெளிச்சம் பால்போல இருந்தது. கூரைக் கம்பியிலிருந்து நூல்கள் தொங்க, அவற்றைப் பற்றி ஏறிய வெள்ளரிக் கொடிகள் ஆள் உயரத்துக்குப் பச்சைச் சுவராக நின்றன. நோயே இல்லை. எல்லா இலையும் சுத்தம். வாடை மூச்சை அடைத்தது. சொட்டு நீர்க் குழாயின் சத்தம். வேறு எதுவும் இல்லை.

"அம்மா."

நான்காவது வரிசை.

அங்கே ஜெனிஷா நின்றுகொண்டிருந்தாள். நிற்கவில்லை. அக்குளுக்குக் கீழே நூலைச் சுற்றிக்கொண்டு, இரண்டு மணிக்கட்டிலும் நூலைச் சுற்றிக்கொண்டு, கொடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் கால்கள் பக்கவாட்டில் வளைந்து தரையில் மடிந்திருந்தன. கொடிகளுக்கு மாட்டும் பச்சைக் கிளிப்புகளை அவள் தன் சட்டையில் மாட்டியிருந்தாள். விரல் பிடிக்காததால் சில பாதியில் நின்றிருந்தன.

"எந்திரிச்சு நிக்க முடியலம்மா. இப்படி இருந்தா நிக்க முடியுது."

ராயம்மாள் ஓரடி பின்னால் வைத்தாள்.

"வலிக்கலம்மா. பயப்படாத." வாய்க்குள் பல் இல்லை. பழுப்பு மட்டும். "என் மூஞ்சி எப்படிம்மா இருக்குது?"

முகத்தில் ஒரு வெண்புள்ளி இல்லை. இமை, உதடு, கன்னம், எல்லாம் ஒரே நிறம். அம்மாவின் நிறம்.

"நல்லா இருக்குதுடி தங்கம்."

ஜெனிஷா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கழுத்து சாய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. தலை தோளில் இறங்கி, மார்பில் இறங்கி, அங்கேயும் நிற்காமல் மடிந்தது.

"அம்மா, தல நிக்கலம்மா. மூச்சு வுட முடியல. கட்டி வுடும்மா."

ராயம்மாள் அருகே போனாள். மகளின் தலையை இரண்டு கையாலும் ஏந்தினாள். உள்ளங்கைக்குள் அது ஈரமாவு மூட்டைபோல மெல்ல அமுங்கியது. ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் மேலிருந்து இன்னொரு நூலை இழுத்து, தாடைக்குக் கீழே சுற்றினாள். இறுக்கமாக இல்லாமல். கொடிக்குக் கட்டுவதுபோல, வளர இடம்விட்டு.