காடுங் கிழங்கும் ஓர் ஆமாங்கவும்

சுமியாத்தி அழுதுகொண்டே காவல் நிலையத்துக்குள் வந்தாள். "ஐயா, என் மருமக துமினி ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவ. அவளைப் போய் விஷம் வெச்சவள்னு புடிச்சு வெச்சிருக்கீங்களே. கிழங்கு இன்னும் ஊறவே இல்லீங்க. கூடை மேல வெச்ச கல்லைக்கூட நான் எடுக்கல."

முந்தின நாள் ஊர்த்தலைவர் பிராவிரோ வீட்டு விருந்தில் காடுங் வறுவல் தின்ற ஏழு பேர் மயங்கி விழுந்தார்கள். தலைவரின் தகப்பனாருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

காட்டில் தானாகப் படரும் காடுங் கொடியின் கிழங்கு ஆளையே சாய்த்துவிடும். அதைச் சீவி, சாம்பல் புரட்டி, ஓடும் ஆற்றில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, முதலில் கோழிக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு மொறுமொறுவென்று பொரித்துத் தின்ன ஜாவாக்காரன் கற்றிருக்கிறானே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சாமல் இருக்க முடியாது.

"கேஸ் முடிஞ்சுதுங்க," என்றான் காவலர் கிமான், உற்சாகமாக. "ஆத்துல கிடந்த கூடையைக் காட்டி, ஊறிடுச்சான்னு தலைவர் துமினிகிட்ட கேட்டிருக்கார். ஆமாங்கன்னிருக்கா. அவரும் எடுத்துட்டுப் போய் விருந்துக்குப் பொரிச்சிருக்கார். விஷம்னு தெரியுமான்னு நான் கேட்டேன். அதுக்கும் ஆமாங்க. திட்டம் போட்டது காலையிலயான்னேன், ஆமாங்க. ராத்திரியான்னேன், அதுக்கும் ஆமாங்க."

இன்ஸ்பெக்டர் தர்சோனோ தேநீரைக் கீழே வைத்தார். "ரெண்டுக்குமா?"

தலைவரையும் துமினியையும் வரவழைத்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

"ஏம்மா, நேத்து நீ ஆத்துல முழுகிச் செத்துப் போயிட்டியாமே?"

"ஆமாங்க."

"அப்புறம் எழுந்து வந்து இந்த ஸ்டேஷனைக் கொளுத்திட்டியாம்?"

"ஆமாங்க."

கிமானின் முகம் தொங்கிப்போனது.

"பெரியவங்க கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு நாமதானே வளத்திருக்கோம்," என்றார் தர்சோனோ. "அவ ஆமாங்கன்னா, நீங்க பேசினது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான். தலைவரே, கூடை மேல கல்லு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஊறி முடிஞ்சாத்தான் கல்லை எடுப்பாங்கன்னு ஊருக்கே தெரியும். சரி, கோழிக்காவது போட்டுப் பாத்தீங்களா?"

"விருந்தாளிங்க வந்துட்டாங்க. எங்கே நேரம்?"

நாலே கேள்வியில் ஒரு பெண்ணைச் சிறையிலிருந்து மீட்ட இந்த மனிதருக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்று கிமானுக்குத் தோன்றியது.

தலைவருக்கு மூக்கு சிவந்தது. சட்டென்று துமினி பக்கம் திரும்பினார். "அப்போ தப்பு என் மேலதான்னு சொல்றியா?"

துமினி தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமாங்க," என்றாள்.